தாடையில் வைக்கப்படும் எலும்பு எங்கிருந்து வருகின்றது?

  

அக்குறணையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது, அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். கீழ்த் தாடையின் ஒரு பக்கத்தில் அவருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. கட்டுப்பல் செய்து பார்த்திருக்கின்றார்; அது ஓரிடத்தில் நிற்கவில்லை. தாடையிலேயே திருகாணி போல் ஒன்றைப் பதித்து அதன்மேல் பல் வைக்கும் புதிய முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு வைத்தியரிடம் சென்றிருக்கின்றார்.

"தாடையில் எலும்பு போதாது, முதலில் எலும்பு வைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார் மௌலவி. எதனுடைய எலும்பு என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மாட்டினதா, மய்யித்தினதா, அல்லது சொல்லக்கூடாத மற்றதினதா? நான்கு மாதமாக அந்தப் பக்கமே நான் போகவில்லை" என்றார்.

அவருடைய வெட்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த நான்கு மாதங்களில் அவருடைய தாடைக்கு என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. பின்னர் இத்துறையை அறிந்தவர்களிடம் விசாரித்தும், கிதாபுகளைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றையே இன்றைய உரையில் உங்கள் முன் வைக்கின்றேன்.

எலும்பு என்றதும் கல்லைப் போன்ற உயிரற்ற பொருளையே நாம் நினைக்கின்றோம். உண்மையில் அது ஓயாமல் கரைந்தும் மீண்டும் கட்டப்பட்டும் வருகின்ற உயிருள்ள பொருளாகும். அதிலும் பற்களைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பின் மேற்பகுதி ஒரு விசித்திரமான படைப்பு. பல்லுக்காகவே அது இருக்கின்றது. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையில் மெல்லிய நார்கள் உள்ளன. நாம் மெல்லும்போதெல்லாம் அந்நார்கள் எலும்பை இழுக்கின்றன. அந்த இழுவையே எலும்புக்கு உயிரூட்டுகின்றது. பல்லைப் பிடுங்கிவிட்டால் இழுப்பதற்கு எதுவுமில்லை. வேலையில்லாத எலும்பை உடல் தானாகவே கரைத்துவிடுகின்றது. கடைவாய்ப் பற்கள் பிடுங்கப்பட்ட இடங்களைத் தொடர்ந்து அளந்து 2003 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, ஓராண்டுக்குள் அவ்விடத்தின் அகலத்தில் சுமார் பாதி போய்விடுகின்றது. அந்த இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகின்றது. வயோதிபர்களின் முகத்தில் வாய் உள்ளே ஒடுங்கி, மூக்கும் நாடியும் நெருங்கி வருவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கு வயதை விடப் பெரிய காரணம் இந்த எலும்பு இழப்பே.

பல்லைப் பிடுங்காமலேயே எலும்பு கரைவதும் உண்டு. அதற்கு உலகமே எடுத்துக்காட்டும் சான்று நமது மலையகத்தில் உள்ளது. 1970 முதல் 1985 வரை, நோர்வே நாட்டைச் சேர்ந்த ஹாரல்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் நமது நாட்டின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான 480 ஆண்களின் வாய்களை மீண்டும் மீண்டும் பரிசோதித்துப் பதிவு செய்தனர். அத்தொழிலாளர்களுக்குப் பற்சிகிச்சை என்பதே கிடைத்ததில்லை. பற்தூரிகைப் பழக்கமும் இருக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் அவர்களிடம் சூத்தைப் பல் மிக அரிதாகவே காணப்பட்டது. ஆயினும் முரசு அழற்சி ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது. அவர்களில் 100 பேருக்கு 8 பேர் வீதம், பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைந்து, 45 வயதாகும்போது பற்களையெல்லாம் இழந்தார்கள். 81 பேர் வீதம் மெதுவாக இழந்தனர். எஞ்சிய 11 பேர் வீதம் முரசு அழற்சிக்கு அப்பால் எதுவும் நேராமல் தப்பினர். ஒரே உணவு, ஒரே தொழில், ஒரே கவனிப்பின்மை; ஆயினும் மூன்று விதமான முடிவுகள். முரசு நோய் தன்போக்கில் விடப்பட்டால் எப்படி நகரும் என்பதற்கு இன்றும் உலகப் பாடநூல்கள் காட்டுவது இந்த ஏழைத் தொழிலாளர்களின் வாய்களைத்தான். பதினைந்து ஆண்டுகள் ஒருவருடைய வாயைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்கள், அந்த வாய்க்கு இன்னும் அதிகமாக ஏதாவது செய்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு எழாமலில்லை.

நமது பெரியவருக்கு இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்துள்ளது. முரசு நோயால் எலும்பு கரைந்து பல் ஆடியது. ஆடிய பல்லைப் பிடுங்கினார். பிடுங்கிய பின்னர் எஞ்சிய எலும்பும் கரைந்தது.

தாடையில் டைட்டேனியம் உலோகத் திருகாணியைப் பதித்தால் எலும்பு அதனோடு ஒன்றி வளரும் என்பதைக் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டின் பிரனேமார்க் என்ற அறிஞர். 1965 இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதனைப் பதித்தார். ஆனால் திருகாணி நிற்பதற்கு அதனைச் சுற்றி எல்லாப் பக்கமும் எலும்பு இருக்க வேண்டும். சுவரில்லாத இடத்தில் ஆணி அடிக்க முடியுமா? ஆகவேதான் முதலில் சுவரை எழுப்ப வேண்டியுள்ளது. மேல் தாடையின் கடைவாய்ப் பகுதியில் மற்றொரு சிக்கலும் உண்டு. அவ்வெலும்புக்கு மேலே மூக்கோடு தொடர்புடைய காற்றறை ஒன்று இருக்கின்றது. பற்கள் போன பின்னர் அவ்வறை கீழ்நோக்கி விரிந்து, சிலருக்கு எலும்பு ஓட்டைப் போல் மெலிந்துவிடுகின்றது. அங்கே அறையின் அடித்தோலை மெதுவாக உயர்த்தி, அதன் கீழே எலும்புப் பொருளை நிரப்புவர்.

வைக்கப்படும் எலும்பு அப்படியே நமது எலும்பாகிவிடுவதில்லை. பெரும்பாலும் அது ஒரு சாரக்கட்டு மாத்திரமே. வீடு கட்டும்போது கமுக மரங்களை நட்டுச் சாரம் கட்டுவோமல்லவா? கொத்தனார் அதன்மேல் ஏறி நின்று சுவரை எழுப்புகின்றார். அவ்வாறே சுற்றிலுமுள்ள நமது சொந்த எலும்பிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் அச்சாரத்துக்குள் நுழைகின்றன. அவற்றோடு எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் வந்து சேர்கின்றன. சாரம் சிறிது சிறிதாகக் கரைய, புதிய எலும்பு எழுகின்றது. சிறிய இடமாயின் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை செல்லும். மேல் தாடையின் காற்றறைப் பகுதியில் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை பொறுத்திருக்க வேண்டியும் வரலாம். இன்று எலும்பு வைத்து நாளை பல் கட்டுவதாக எவரேனும் கூறினால் இரண்டாவது வைத்தியர் ஒருவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

இனி பெரியவரின் கேள்விக்கு வருவோம். அந்தச் சாரம் எதனால் ஆனது?

முதலாவது, நோயாளியின் சொந்த எலும்பு. நாடிப் பகுதியிலிருந்தோ, கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்னுள்ள தாடைப் பகுதியிலிருந்தோ, அதிகம் தேவைப்பட்டால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்தோ எடுக்கப்படும். உயிரணுக்கள், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள், சாரம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பது இதில்தான். ஆகவே வைத்தியர்கள் இதனை உரைகல்லாகக் கொள்கின்றனர். இதன் குறை, உடலில் இன்னோரிடத்திலும் வெட்ட வேண்டியிருப்பதாகும்.

இரண்டாவது, இறந்த மனிதரின் எலும்பு. உயிரணுக்கள் யாவும் நீக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, கதிர்வீச்சினால் கிருமிகள் அழிக்கப்பட்டுத் தூளாகவோ துண்டாகவோ கிடைக்கும். நமது நாட்டுக்கு இது புதிதன்று. கண்தான இயக்கத்தின் மூலம் உலகெங்கும் அறியப்பட்ட டொக்டர் ஹட்சன் சில்வாவின் முயற்சியில், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியோடு, 1996 இல் கொழும்பில் மனித இழைய வங்கி நிறுவப்பட்டது. இறந்தவரின் உறுப்புகளையும் இழையங்களையும் பெறுவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் அதற்கு முன்னரே, 1987 இல், இயற்றப்பட்டுவிட்டது.

மூன்றாவது, பிராணிகளின் எலும்பு. பெரும்பாலும் மாட்டெலும்பு. அதிலுள்ள கொழுப்பும் புரதமும் வெப்பத்தாலும் இரசாயனங்களாலும் நீக்கப்பட்டு, கனியப் பகுதி மாத்திரம் வெண்மணல் போல் எஞ்சியிருக்கும். உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. பன்றியிலிருந்து செய்யப்படுவனவும் சந்தையில் உள்ளன.

நான்காவது, ஆய்வுகூடத்தில் செய்யப்படும் கல்சியம் பொஸ்பேற்று வகைகள். இவற்றில் மனிதரும் இல்லை, பிராணியும் இல்லை.

பலர் அறியாத இன்னொன்றையும் இங்கு கூற வேண்டும். எலும்புத் தூளை வைத்தபின் முரசின் சதை அதற்குள் வளர்ந்துவிடாதிருக்க, மேலே ஒரு மென்படலத்தால் மூடுவதுண்டு. தூள் மாட்டெலும்பாக இருக்கும்போதே, மூடும் படலம் பன்றியின் தோலிலிருந்து எடுக்கப்பட்ட கொலாஜனாக இருக்கக்கூடும். ஆகவே "எலும்பு எதனுடையது?" என்று கேட்டு அத்தோடு நிறுத்திவிட்டால் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கின்றோம். "மேலே மூடுவது எதனால் ஆனது?" என்பதையும் கேட்க வேண்டும். மாட்டிலிருந்து பெறும் படலங்களும், பிராணித் தொடர்பே இல்லாத செயற்கைப் படலங்களும் உள்ளன. பெட்டியின் மேலும், உள்ளே வைத்திருக்கும் தாளிலும் மூலப்பொருள் குறிப்பிடப்பட்டிருக்கும்.

இக்கேள்வியைக் கேட்பது அறியாமையின் அடையாளம் என்று எண்ணிச் சிலர் கூச்சப்படுகின்றனர். கண்டியில் நமது அயலவர்களான இந்துச் சகோதரர்கள் பலருக்கு மாட்டெலும்பைப் பற்றி இதே தயக்கம் இருக்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன்னர் சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் இடுகின்றோம். எதற்குச் சம்மதிக்கின்றோம் என்பதைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. வைத்தியருக்கு அது புதிய கேள்வியும் அன்று.

மார்க்கத்தின் நிலை என்ன? எலும்போடு எலும்பை ஒட்டும் விடயம் நமது முன்னோர்களுக்குத் தெரியாத ஒன்று என்றே நானும் எண்ணியிருந்தேன். கிதாபைத் திறந்தபோதுதான் என் எண்ணம் தவறென்று தெரிந்தது. ஹிஜ்ரி 676 இல், அதாவது கி.பி. 1277 இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள், நமது அரபு மத்ரஸாக்களில் அறியப்பட்ட மின்ஹாஜ் என்னும் ஷாபிஈ மத்ஹபின் நூலில், தொழுகையின் நிபந்தனைகளைக் கூறும் இடத்தில் இதனைப் பேசுகின்றார்கள். தொழுகைக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நஜீஸைச் சுமந்துகொண்டு தொழ முடியாதல்லவா? முறிந்த எலும்பை நஜீஸான எலும்பைக் கொண்டு ஒட்டியவரின் தொழுகை என்னவாகும் என்பதே அங்குள்ள பிரச்சினை. சுத்தமான எலும்பு கிடைக்காததால் அவ்வாறு செய்தவர் மன்னிக்கப்பட்டவராவார் என்றும், கிடைத்திருந்தும் செய்தவர் அதனை அகற்ற வேண்டும் என்றும், ஆனால் அகற்றுவதால் வெளிப்படையான தீங்கு ஏற்படுமென்று அஞ்சினால் அகற்ற வேண்டியதில்லை என்றும் அந்தச் சட்டம் விரிகின்றது. அவர் மரணித்துவிட்டால் ஜனாஸாவிலிருந்து அதனைப் பிடுங்கலாகாது என்பதே சரியான கருத்தென்றும் கூறப்பட்டுள்ளது.

இதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1668 இல் வெளிவந்த ஒல்லாந்து நாட்டுச் சத்திரவைத்தியர் வான் மீகரன் என்பாரின் நூலில் ஒரு செய்தி வருகின்றது. ரஷ்யர் ஒருவரின் உடைந்த மண்டையோட்டில் நாயின் எலும்புத் துண்டு ஒட்டப்பட்டதாகவும், அதற்காகத் திருச்சபை அவரை விலக்கியதாகவும் அது கூறுகின்றது. மேற்குலகின் நூல்கள் எலும்பு ஒட்டுச் சிகிச்சையின் வரலாற்றை இந்நிகழ்விலிருந்தே தொடங்குவது வழக்கம். இமாம் நவவி அவர்களின் அந்தச் சில வரிகளை அவ்வரலாற்றாசிரியர்கள் பார்த்ததில்லை போலும்.

அச்சட்டத்தை இன்றைய நான்கு வகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயற்கைப் பொருளில் கேள்விக்கு இடமில்லை. சொந்த எலும்பைப் பொறுத்தவரை, 1988 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஒருவருடைய உடலின் ஓரிடத்திலிருந்து எடுத்து அவருடைய உடலிலேயே மற்றோரிடத்தில் வைப்பதை, எதிர்பார்க்கப்படும் நன்மை தீமையை விட மிகைத்திருக்குமாயின் அனுமதித்துள்ளது. இறந்தவரிடமிருந்து பெறுவதற்கு அதே தீர்மானம் நிபந்தனைகளை விதித்தது: உயிரோ உடலின் அடிப்படைத் தொழிற்பாடொன்றோ அதில் தங்கியிருக்க வேண்டும், இறந்தவரோ அவருடைய வாரிசுகளோ அனுமதித்திருக்க வேண்டும், மனித உறுப்பு விற்பனைப் பொருளாகக் கூடாது. மாட்டெலும்பில், ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு, அம்மாடு முறையாக அறுக்கப்பட்டதா என்ற கேள்வி எழுகின்றது. ஹனபி மத்ஹபினர் தாமாக இறந்த பிராணியின் எலும்பையும் சுத்தமானதாகவே கருதுகின்றனர். பன்றி அதில் அடங்காது. பன்றியின் விடயத்தில், மாற்று வழி இருக்கும்போது அதனைத் தேர்ந்தெடுக்க இடமில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தாடைச் சிகிச்சையைப் பொறுத்தவரை மாற்று வழி அநேகமாக எப்போதும் உண்டு. முன்னரே வைக்கப்பட்டுவிட்டவர்கள் பதறி அதனைத் தோண்டி எடுக்க ஓடவேண்டாம். இமாமவர்களின் சட்டம் அவர்களுக்கும் இடமளித்துள்ளது. தனிப்பட்ட நிலைமைகளுக்குரிய தீர்ப்பை, வைத்தியரின் குறிப்போடு சென்று உங்கள் ஊர் உலமாக்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

உடலின் குறையைச் சீர்செய்வதே பொருந்துமா என்று ஐயுறுவோரும் இருக்கின்றனர். ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் இவ்வனுமதி கிடைத்தது. இந்த ஹதீஸை அறிவிக்கும் இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள், அறிஞர்கள் பலர் தமது பற்களைத் தங்கத்தால் கட்டியிருந்ததையும் குறிப்பிடுகின்றார்கள். கி.பி. 1013 அளவில் மறைந்த குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி அவர்களோ, ஆடும் பற்களைப் பொற்கம்பியால் கட்டவும், விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பைச் செதுக்கி வைக்கவும் தமது தஸ்ரீப் நூலில் வழி கூறினார்கள். பற்காறையைச் சுரண்டும் கருவிகளையும் படமாக வரைந்து காட்டினார்கள்.

பெரியவரின் கேள்வியைத் தொடர்ந்து விசாரித்தபோது, இதைவிட என் மனதை வருத்திய ஒன்றையும் அறிய நேர்ந்தது. அது குழந்தைகள் பற்றியது.

உலகில் ஏறத்தாழ எழுநூறு குழந்தைகளுக்கு ஒரு குழந்தை உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கின்றது. கர்ப்பிணி கிரகணத்தின்போது கத்தியைத் தொட்டதால் இப்படி ஆனதென்று இன்னும் சில வீடுகளில் தாயைக் குறை கூறுகின்றனர். நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்றாஹீம் மரணித்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டபோது, எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கிரகணம் ஏற்படுவதில்லை என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஏற்கனவே அழுதுகொண்டிருக்கும் அந்தத் தாயின் மீது இந்தப் பழியையும் சுமத்த நமக்கு என்ன உரிமை உண்டு?

இக்குழந்தைகளின் உதடு சில மாதங்களிலும், அண்ணம் ஒன்று ஒன்றரை வயதளவிலும் தைக்கப்படுகின்றன. முகம் அழகாகிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது என்று பெற்றோர் நிம்மதியடைந்து வைத்தியசாலைக்குச் செல்வதையே விட்டுவிடுகின்றனர். ஆனால் பிளவு பல குழந்தைகளுக்கு முரசின் உள்ளே தாடை எலும்பிலும் இருக்கின்றது. அந்த இடைவெளியில் எலும்பில்லை. எலும்பில்லாத இடத்தில் வேட்டைப்பல் இறங்கி வரமுடியாது. அருகிலுள்ள பல்லும் பிடிமானமின்றி விழுந்துவிடும். மூக்குக்கும் வாய்க்கும் இடையில் சிறு துவாரம் இருந்தால் குடிக்கும் தேநீர் மூக்கால் வடியும். வகுப்பறையில் அது நேரும்போது அப்பிள்ளை படும் வேதனையை எண்ணிப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு, பிள்ளையின் இடுப்பெலும்பிலிருந்து சிறிது மென்மையான எலும்பை எடுத்து அந்த இடைவெளியை நிரப்புவதாகும். 1972 இல் அமெரிக்காவின் பொயின், சான்ட்ஸ் ஆகிய இருவர் இம்முறையை வகுத்துக் கூறினர். இதில் காலமே எல்லாம். வேட்டைப்பல் வெளிவருவதற்கு முன்னர், பெரும்பாலும் எட்டு முதல் பதினொரு வயதுக்குள், செய்யப்பட வேண்டும். அப்போதுதான் அப்பல் புதிய எலும்பின் ஊடாகவே இறங்கி வரும்; இறங்கி வரும் பல்லே அந்த எலும்புக்கு வேலை கொடுத்து அதனை நிலைக்கச் செய்யும். தக்க வயதைத் தவறவிட்டுப் பதினாறு, பதினேழு வயதில் திருமணப் பேச்சு எழும்போது அழைத்து வந்தால், செய்ய முடியாது என்பதல்ல, பலன் குறைந்துவிடும். சத்திரசிகிச்சையின் பின் பிள்ளை சில நாட்கள் நொண்டி நடக்கும், பின்னர் ஓடித் திரியும். பிள்ளையின் சொந்த எலும்பாதலால் ஹலால், ஹராம் என்ற கேள்வியும் இதில் இல்லை. தடையாக இருப்பது, இரண்டாவது கட்டம் ஒன்று உண்டென்று நாம் அறியாதிருப்பதுதான். உங்கள் உறவிலோ மஹல்லாவிலோ உதடு தைக்கப்பட்ட ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் இதனை அப்பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

கண்டியைச் சுற்றி வாழும் நமக்கு இதற்காகத் தூரம் செல்ல வேண்டியதில்லை. 1943 இல் கொழும்பில் ஆரம்பமான நாட்டின் பல் மருத்துவக் கல்வி 1954 இல் பேராதனைக்கு மாற்றப்பட்டது. நீண்ட காலம் இலங்கையின் ஒரே பல் மருத்துவ பீடமாக அதுவே விளங்கியது. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பல் போதனா வைத்தியசாலை 1998 முதல் அங்கே இயங்குகின்றது. பிளவு, வாய்ப் புற்றுநோய், தாடை முறிவு ஆகியவற்றுக்கான சத்திரசிகிச்சைப் பிரிவும் அங்குண்டு. கட்டுகஸ்தோட்டையிலிருந்தோ மடவளையிலிருந்தோ கம்பளையிலிருந்தோ காலையில் புறப்பட்டுப் பகலுக்குள் போய்ச் சேரலாம்.

வாய்ப் புற்றுநோய் என்றேன். இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. பாக்கைத் தனியாக மெல்வதுகூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003 இல் முடிவு செய்தது. புகையிலை சேர்க்காவிட்டால் குற்றமில்லை என்று வெற்றிலை போடும் நமது பெரியோர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். நோய் தாடையைப் பிடித்துவிட்டால் தாடையின் ஒரு பகுதியையே வெட்டி அகற்ற நேரிடும். அவ்விடத்தைத் தூளால் நிரப்ப முடியாது. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக உள்ள மெல்லிய எலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, தாடையின் வடிவில் வெட்டி அமைத்து, கழுத்தின் குழாய்களோடு நுண்ணோக்கியின் உதவியால் தைக்கும் முறை 1989 முதல் தாடைக்குக் கையாளப்படுகின்றது. பல மணி நேரம் நீடிக்கும் சத்திரசிகிச்சை அது. கதிர்ச் சிகிச்சை பெற்ற தாடையில் பின்னர் ஒரு சிறு பல்லைப் பிடுங்குவதுகூட ஆபத்தாகலாம்; பல் வைத்தியரிடம் அதனை மறைக்கக் கூடாது.

மறைக்கக் கூடாத வேறு சிலவும் உண்டு. எலும்புத் தேய்வுக்காக வாரம் ஒருமுறை குளிசை எடுக்கும் தாய்மார் பலர் உள்ளனர். அவ்வகை மருந்துகள் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகக் காரணமாகின்றன என்பது 2003 முதல் அறியப்பட்டுள்ளது. தாமாகவே குளிசையை நிறுத்திவிடவும் கூடாது. வைத்தியரிடம் பெயரைக் காட்டினால் போதும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோதும், சிகரட்டை விடாதபோதும், வைத்த எலும்பு பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். மிஸ்வாக் செய்வது சுன்னத்து. ஆனால் கல்லாகிப்போன பற்காறையை மிஸ்வாக்கோ பற்தூரிகையோ அகற்றாது. அதற்கு வைத்தியரின் கருவி வேண்டும். பல் பிடுங்க நேர்ந்தால், பின்னர் அவ்விடத்தில் பல் பதிக்கும் எண்ணம் உண்டென்பதைப் பிடுங்குவதற்கு முன்னரே கூறிவிடுங்கள். பிடுங்கிய குழியை அன்றே நிரப்பி, எலும்பு இழப்பைக் குறைக்கும் வழியும் உண்டு.

அக்குறணைப் பெரியவர் பின்னர் தமது மகனையும் அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் சென்றார். வைத்தியர் ஒரு சிங்களச் சகோதரி. கேள்வியைக் கேட்டதும் அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து, அதிலிருந்த தாளை வரிவரியாக வாசித்துக் காட்டியிருக்கின்றார். தூள் மாட்டெலும்பு, படலம் பன்றியினுடையது. "முதல் நாளே கேட்டிருந்தால் அன்றே வேறு வழி சொல்லியிருப்பேனே" என்றாராம். மீண்டும் எடுத்த படத்தில், எலும்பு முன்னரை விடவும் மெலிந்திருந்தது. முன்னர் தூள் மாத்திரம் போதும் என்றிருந்த இடத்தில், இப்போது கடைவாயின் பின்புறத்திலிருந்து அவருடைய சொந்த எலும்பையும் சிறிது வெட்டியெடுத்து, செயற்கைத் தூளோடு கலந்து வைக்க வேண்டியதாயிற்று. தையல் பிரித்தாயிற்று. திருகாணி பதிப்பதற்கு இன்னும் ஐந்து மாதங்கள் பொறுத்திருக்கும்படி கூறியுள்ளனர்.